குஞ்சம் வைத்த வரைபடம்

மகள் திருப்பதியில் புதிதாகத் திறந்த கடையிலிருந்து ஒரு கேட்லாக் கொண்டுவந்தாள். வீட்டு அலங்காரச் சாமான்கள். வழவழத்த தாளைப் பிரித்ததும் மையும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாசம் எழுந்தது. அவ்வளவுதான், அவள் ஏதோ திரைச்சீலையைக் காட்டிப் பேசிக்கொண்டிருக்க, நான் சித்தூரில் எங்கள் ஒற்றை அறைக்குப் போய்விட்டேன். மூக்குக்குப் பஸ் தேவையில்லை.

கல்யாணமாகி வந்த கமலாவின் தகரப்பெட்டியில், சேலைகளுக்கு அடியில், இதே வாசத்தோடு ஒரு கேட்லாக் இருந்தது. மதராஸில் ஒரு பெரிய கடையுடையது. நகரியில் தறி போட்டிருந்த அவளுடைய அப்பா, நைனாவிடம் துணி எடுக்க வந்த வியாபாரி விட்டுவிட்டுப் போனது. கமலாவுக்கு இங்கிலீஷ் வராது. படம் படிப்பாள். விலை இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொள்வாள்.

"அதப் பாத்தா கை ஓடாது," என்பாள்.

கை ஓடியது. ரயில்போல ஓடியது. கோணிச்சாக்கைச் சாயத்தில் முக்கி, தறியில் அறுத்துப்போட்ட நூலைக் கோத்து, பெர்ஷியா நாட்டுக் கம்பளம். ஊறுகாய் ஜாடியில் உடைந்த வளையல் துண்டுகளைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, சீமைப் பூச்சாடி. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள் வந்து, இது எங்கே வாங்கினது என்று கேட்டுவிட்டால் போதும், கமலா அன்றைக்கு ஒருபடி அரிசி கூடவே வடிப்பாள். நானும் என் பங்குக்குப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். அரைச் சம்பளக்காரன் வீட்டில் ஜமீன் களை என்று ஆபீஸில் நானே கிளப்பிவிட்டேன்.

ஆபீஸ் என்றால் நில அளவை ஆபீஸ். நான் அங்கே டிரேசர். கிராம வரைபடத்தின்மேல் மெழுகு பூசினாற்போன்ற ஒரு நீலத்துணியைப் பரப்பி, கீழே தெரிகிற கோட்டை மேலே இந்தியன் இங்க் என்ற கறுப்பு மையில் இழுக்கிற வேலை. அந்தத் துணியைப் பற்றி எங்கள் கூட்டத்துக்கு மட்டும் ஒன்று தெரியும். வெந்நீரில் போட்டால் கஞ்சி கழன்று, மையும் கழன்று, மல்லிகைப்பூ போன்ற மெல்லிய வெள்ளைத்துணி மிஞ்சும். கோணல் விழுந்து ஒதுக்கின துணியெல்லாம் டிரேசர் வீட்டுக்குத்தான். எங்கள் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் முதல் சட்டை ஏதோ ஒரு கிராமம்.

அது எல்லை பிரிக்கிற காலம். எந்த ஊர் ஆந்திராவோடு, எந்த ஊர் மதராஸோடு என்று டீக்கடையில் கிளாஸ் உடைந்துகொண்டிருந்தது. மதராஸுக்குப் போகிற ஊர்களின் வரைபடங்கள் கட்டுக் கட்டாய் இறங்கின. மேஜையில் இடமில்லை, தரையில் போட்டோம். அந்தக் குவியலில் ஒரு நாள், ஒதுக்கினது என்று நினைத்து மூன்று துணிகளைச் சுருட்டிக்கொண்டு போய்க் கமலாவிடம் கொடுத்தேன். கேட்லாக்கில் ஒரு விளக்குக்கூடு இருந்தது. பட்டுத்துணி, அதில் கொடி ஓடும், கீழே சிவப்புக் குஞ்சம். அவள் கண் ரொம்ப நாளாய் அதன்மேல்.

பத்து நாள் கழித்து ஹெட் டிராஃப்ட்ஸ்மேன், தெலுங்குக்காரர், நல்ல மனுஷர், என் மேஜைக்கு வந்தார். மதராஸுக்குப் போகிற ஓர் ஏரிக்கரை ஊரின் மூலப்படத்தைக் கரையான் தின்றுவிட்டதாம். இருப்பது அதைப் பார்த்து இழுத்த துணி ஒன்றுதானாம். "ஏமய்யா, அது நீ பாத்தியா?"

பார்த்தேன். அப்போதுதான் பார்த்தேன், மனசில். ஒரு ஊரின் எல்லைக்கல், வாய்க்கால், நானூறு வயல் எல்லாம் என் வீட்டு வெந்நீர் அண்டாவில் மிதப்பதை. வேலை போய்விடும். அது போகட்டும், அந்த ஊர்க்காரன் எந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டு தன் வரப்பைக் காட்டுவான்? அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் குடையை எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் என் வீட்டுக்கு நடந்தோம்.

வாசலில் நின்றபோதே ஜன்னலில் திரைச்சீலை ஆடியது. தூய வெள்ளை. ஒரு கோடு இல்லை. இரண்டு துணி போயிற்று. மூன்றாவது எங்கே என்று கண்ணால் துழாவினேன். கமலா புரிந்துகொண்டாள். சுவிட்சைப் போட்டாள்.

மூங்கில் கூட்டுக்குள் குண்டு பல்பு எரிந்தது. சுற்றிலும் அந்த ஊர் ஒளிர்ந்தது. நடுவில் ஏரி, அதிலிருந்து கிளை கிளையாய் வாய்க்கால், இலை இலையாய் வயல்.

"இதுல கொடி தானே ஓடிக்கினு இருக்குதே, அத்தப் போயி இன்னாத்துக்கு அழிக்கிறதுன்னு தண்ணி காட்டல, சார்," என்றாள் கமலா.

அவர் விளக்கை மூன்று சுற்று வந்தார். விரலை நீட்டி, தொடாமல், ஒவ்வொரு எல்லைக்கல்லாய் எண்ணினார். பிறகு என்னிடம் திரும்பி, "கவர்மெண்ட் மேப்புக்குக் குஞ்சமா அய்யா," என்றார். சிரிப்பை மீசைக்குள் பிடித்துக்கொண்டிருந்தார்.

கழற்றுவதுதான் பாடு. புளியங்கொட்டைப் பசை கல்லாய் இறுகியிருந்தது. நனைத்தால் மை போகும், இழுத்தால் துணி போகும். கமலா ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு கத்தியை எடுத்து, தான் சீவி வளைத்த மூங்கிலை உள்பக்கமிருந்து துண்டு துண்டாய் நறுக்கினாள். குஞ்சம் மட்டும் துணியை விட்டு வரவில்லை. விட்டுவிடச் சொன்னார் அவர். மதராஸுக்கு அனுப்பும் பட்டியலில் அந்த ஊருக்கு எதிரே அவரே சொல்லி என்னை எழுதவைத்தார்: விளிம்பில் சிவப்பு நூல் உண்டு, நிலை நன்று. திரைச்சீலை இரண்டும் உண்மையிலேயே ஒதுக்கின துணிதான் என்று மறுநாள் தெரிந்தது. எனக்குக் கிடைத்தது ஒரு மெமோ. அதையும் பத்திரமாக வைத்திருந்தேன், ஒரு மாதிரிப் பெருமையாக.

அந்த ஊர் போயிற்று, கட்டு வண்டியேறிப் போயிற்று, துணியின்மேல் கோடிழுக்கிற வேலையும் போயிற்று. கமலா பிறகு எத்தனையோ செய்தாள், விளக்குக்கூடு மட்டும் செய்யவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு ரிக்கார்டு அறையில், என்றைக்காவது யாராவது அந்தக் கட்டை அவிழ்க்கலாம். வரைபடத்துக்கு இந்தச் சிவப்பு எதற்கு என்று அந்த ஆள் கேட்டால், சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.