ஒரு முறுக்குக்கு முப்பது செகண்டு

எம் மக தட்டுலருந்து முதல் முறுக்கு போனது ரெண்டு வருஷத்துக்கு முந்தி, தை மாசம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். அங்கருந்துதான் நான் ஆரம்பிக்கணும். வேலை கிடைச்ச சாட்சியைச் சொல்லும்மான்னு பாஸ்டர் கூப்பிட்டாரு. அதையும் சொல்லுவேன். ஆனா அதுக்கு முன்னாடி நீங்க இந்த முறுக்குக் கதையைக் கேக்கணும். எனக்குச் சுருக்கமாப் பேச வராது, செத்த நேரம் பொறுத்துக்கோங்க.

எம் பேரு செல்வராணி. பிறந்தது இங்க ஸ்ரீவில்லிபுத்தூர்தான், மடவார் வளாகத்துப் பக்கம். கட்டிக் கொடுத்தது ராஜபாளையம். எம் வீட்டுக்காரரு பேண்டேஜ் கம்பெனில மெக்கானிக்கா இருந்தாவ. ஒருநாள் ஷிப்டு முடிஞ்சு பைக்ல வந்தவிய மேல லாரி ஏறிட்டு. அப்ப எம் மக ஷைனிக்கு மூணு வயசு. அடக்கம் முடிஞ்ச பொறவு எங்க அண்ணன் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "நீ அங்கயே அனுசரிச்சு இருந்துக்கோ பாப்பா, நம்ம வீட்ல எடம் பத்தாது"ன்னு சொல்லிட்டான். நானும் அனுசரிச்சேன். பகல்ல அதே கம்பெனில பேண்டேஜ் சுத்துற மிஷின்ல நின்னேன். விடியக்காலமும் சாயங்காலமும் மாமியார் வீட்ல அடுப்படி.

அந்த வீட்ல எனக்கு ஒரு கொழுந்தன். பேரு ஜெயசீலன். பி.ஈ. முடிச்சவன். நாலு வருஷமா வேலைக்குப் பரீட்சை எழுதிக்கிட்டே இருந்தான். ஞாயித்துக்கிழமை ஆனா அவங்க சபையில கீபோர்டு வாசிப்பான், கண்ணை மூடிக்கிட்டு உருகி உருகி வாசிப்பான். பாத்தா பூனை மாதிரி இருப்பான். சாயங்காலம் அவன் சேக்காளிக ரெண்டு பேரு வருவாங்க, மூணு பேரும் முன்ரூம்ல உக்காந்து கணக்கும் ரீசனிங்கும் போட்டுப் பழகுவாங்க. அவங்களுக்கு எங்க அத்தை முறுக்கு வாங்கி வைப்பாங்க. ஷைனிக்கும் ஒரு சின்னத் தட்டுல அஞ்சு முறுக்கு வைப்பாங்க. இல்லைன்னு சொல்லக்கூடாது, வைப்பாங்க. அவளுக்கு அந்த நேரத்துக்காகவே பொழுது விடியும்.

அன்னைக்கு டீ கொண்டு போனேன். ஜெயசீலன் என்னைப் பாத்து, "மதினி, ஒரு கேள்வி. ஒரு குழாய் தொட்டியை ஆறு மணி நேரத்துல நிரப்பும். அடியில ஒரு ஓட்டை, நெறஞ்ச தொட்டியைப் பன்னெண்டு மணி நேரத்துல காலியாக்கும். ரெண்டும் ஒண்ணா இருந்தா தொட்டி எப்ப நெறயும்?"னு கேட்டான். கேட்டுட்டு செல்லுல முப்பது செகண்டு வச்சுட்டான். எங்க தெருவுல தண்ணி எப்ப வரும்னு அவனுக்கே தெரியாது. நான் வெள்ளந்தியா, "மொதல்ல ஓட்டையை அடைக்கணும் தம்பி"ன்னு சொன்னேன். மூணு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள அவன் கையை நீட்டி ஷைனி தட்டுலருந்து ஒரு முறுக்கை எடுத்து வாயில போட்டுட்டான். "அம்மா தப்பாச் சொன்னா மகளுக்கு ஃபைன்"ன்னான். ஷைனியும் வெளாட்டுன்னு நினைச்சுச் சிரிச்சா.

மறுநாளும் கேட்டான். அதுக்கு மறுநாளும் கேட்டான். கடைசி முறுக்கும் போன ஒரு நாள்ல எம் புள்ள தட்டைத் திருப்பிப் பாத்துச்சு, அடியில ஏதும் ஒளிஞ்சிருக்கான்னு. அன்னைக்குத்தான் அழுதா. நான் இனிமே வெளாட்டுக்கு வரலைன்னேன். "அப்ப தட்டே கிடையாது"ன்னு தூக்கிட்டுப் போயிட்டான். அத்தைகிட்ட சொன்னேன். "ஏட்டி, புள்ளயோட வெளாடுதான், அதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்குதியே. நீ ஒழுங்காப் பதில் சொல்ல வேண்டியதுதான?"ன்னாங்க. ஒழுங்காப் பதில் சொல்ல வேண்டியதுதானாம்! தட்டுக்காக மறுநாள் திரும்பவும் போய் நின்னேன்.

வெள்ளிக்கிழமை ராஜபாளையத்துலருந்து பஸ் ஏறி இங்க உபவாச ஜெபத்துக்கு வருவேன். "என்ன விண்ணப்பம் சிஸ்டர்?"னு கேப்பாங்க. "குடும்ப சமாதானம்"னு சொல்லுவேன். அப்படிச் சொன்னா உள்ள என்னவெல்லாம் கிடக்கும்னு இங்க இருக்கிற பொம்பளைங்களுக்குத் தெரியும். வெளிய அப்படிச் சொன்னேனே தவிர, முழங்கால்ல நின்னு நான் பண்ணின ஜெபம் வேற. அவன் தொண்டையில முறுக்கு சிக்கணும்னு ஜெபம் பண்ணினேன். பாஸ்டர் கோவிச்சுக்கிடக் கூடாது, அப்படித்தான் பண்ணினேன். சிக்கலை. அப்புறம், "ஆண்டவரே, இந்த வெளாட்டு நிக்கணும், வேற ஒண்ணும் வேண்டாம்"னு கேட்டேன். அதுவும் நிக்கலை. மழை நின்னாலும் அது நிக்கலை. எனக்கு ஆண்டவர் மேலேயே ஆத்திரம் வந்துச்சு. ஒரு புள்ள தட்டைக் காப்பாத்த முடியாத நீர் என்ன ஆண்டவர்னு கேட்டுட்டேன்.

பொறவு நானே படிக்க ஆரம்பிச்சேன். நானும் தபால் வழியில பி.காம். முடிச்சவதான், ஆனா கல்யாணத்துக்குப் பொறவு அதெல்லாம் யாருக்கு ஞாபகம்? காலையில முன்ரூமைப் பெருக்கும்போது அவன் கசக்கிப் போட்ட ரஃப் பேப்பரை எடுத்து இடுப்புல சொருகிக்கிடுவேன். டவுன் பஸ்ல விரிச்சுப் பாப்பேன். கம்பெனில மிஷின் முன்னாடி நின்னுக்கிட்டு மனசுக்குள்ள போட்டுப் பாப்பேன். "என்னம்மா, வாய்க்குள்ளயே முணுமுணுக்கே?"ன்னு சூப்பர்வைசர் கேட்டாரு. ஜெபம் பண்ணுதேன் சார்னு சொன்னேன். அதுவும் பொய் இல்லை.

ஒரு பொருளோட விலையை இருபது சதவீதம் ஏத்தி, பொறவு இருபது சதவீதம் எறக்கினா என்ன ஆகும்னு கேட்டான். சமம்னு சொன்னேன். முறுக்கு போச்சு. சமம் இல்லை, நாலு சதவீதம் நட்டம்னு எனக்கு விளங்குறதுக்குள்ள எம் மக மூணு முறுக்கு கொடுத்திருந்தா. ரயில் பிளாட்பாரத்தைத் தாண்டுற கணக்குல பிளாட்பார நீளத்தையும் கூட்டணும்னு தெரிய ரெண்டு முறுக்கு. கடிகார முள்ளு கணக்குக்கு எம்புட்டு போச்சுன்னு சொன்னா நீங்க அழுதுருவீங்க. மத்தவங்க காசு கொடுத்து கோச்சிங் போறாங்க. எனக்கு அந்த ஃபீஸை எம் மக முறுக்காக் கட்டினா.

கொஞ்சம் கொஞ்சமா பதில் சரியா வர ஆரம்பிச்சுது. தட்டுல முறுக்கு தங்குச்சு. அது அவனுக்குப் பொறுக்கலை. கேள்வி கஷ்டமாச்சு, பொறவு அசிங்கமாச்சு. ரத்த உறவுன்னு ரீசனிங்ல ஒரு பாடம் உண்டு. போட்டோவைக் காட்டி, இவரு எனக்கு என்ன வேணும்னு கண்டுபிடிக்கச் சொல்லுவாங்க. ஒருநாள் அவன், "மதினி, நல்லாக் கேளுங்க"ன்னான். "ஒரு வீட்ல ஒரு பொம்பளை. அவளுக்கு மாமியா இருக்கா, கொழுந்தன் இருக்கான். புருஷன் இல்லை. அவ அந்த வீட்டுக்கு என்ன உறவு? ஏ, மருமக. பி, வேலைக்காரி. சி, விருந்தாளி. டி, ஒண்ணுமில்லை."

முப்பது செகண்டு ஓடுச்சு. அன்னைக்கு சேக்காளிக ரெண்டு பேரும் சிரிக்கலை, ஒருத்தன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அடுப்படியில அத்தை இருந்தாங்க, அவங்க காதுல விழுந்துச்சு, அவங்க பாட்டுக்கு அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தாங்க. ஷைனிதான் எம் சேலையைப் பிடிச்சு இழுத்தா. "அம்மா, ஏதாவது சொல்லும்மா, முறுக்கு போயிரும்மா."

நான் "பி"ன்னு சொன்னேன்.

"கரெக்ட்!"னு சொல்லித் தட்டை எம் மக பக்கம் தள்ளினான். எங்க அம்மா ஜெயிச்சுட்டான்னு அவ கையைத் தட்டிச் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே அந்த முறுக்கைத் தின்னா. அதை நான் நின்னு பாத்தேன்.

அதுக்குப் பொறவு வெளாட்டு நிக்கணும்னு நான் ஜெபம் பண்ணலை. "என்னையும் எம் புள்ளையையும் இங்கருந்து வெளிய எடும், எப்படி எடுத்தாலும் சரி"ன்னு கேட்டேன். பாத்திரம் கழுவிக்கிட்டே கேட்டேன், கண்ணை மூடக்கூட இல்லை.

அந்த மாசமே கிளார்க் வேலைக்கு அறிவிப்பு வந்துச்சு. மூணு பேரும் லேப்டாப்ல அப்ளிகேஷன் போட்டுக்கிட்டு இருந்தாங்க. ஜெயசீலன் திடீர்னு, "ஏலே, மதினிக்கும் ஒண்ணு போட்டு விடுவோம். விதவைக்கு ஃபீஸ் கிடையாதுலே, ஃப்ரீதான். எம்புட்டு மார்க்கு வாங்குதாகன்னு பாத்துச் சிரிக்கலாம்"னான். அதுக்கு வேண்டிய சான்றிதழ் ஏற்கெனவே எங்கிட்ட இருந்துச்சு. எம் போட்டோவை அவன் செல்லுலயே பிடிச்சான், அவன் கையாலயே டைப் அடிச்சான், அவன் விரலாலயே பட்டனைத் தட்டினான். நான் பக்கத்துல டீ டம்ளரோட நின்னுக்கிட்டு இருந்தேன். ஆண்டவர் என்னைக் காப்பாத்த யாரையோ அனுப்புவாருன்னு எதிர்பாத்தேன். அனுப்பின ஆளைப் பாருங்க!

பரீட்சை ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு ஸ்கூல்ல. ஷைனியை அண்ணன் வீட்ல விட்டுட்டுப் போனேன். வினாத்தாளைத் திறந்தா, ஒவ்வொரு கேள்வியும் அவன் குரல்லயே கேக்குது. பக்கத்துல இருந்த பொண்ணுங்க நகத்தைக் கடிச்சாங்க, வேர்த்து வழிஞ்சாங்க. நான் பாட்டுக்குப் போட்டுக்கிட்டே போனேன். தப்பாப் போட்டா இங்க முறுக்கு போகாதுல்ல, அதைவிட வேற என்ன நிம்மதி வேணும்? இருபது சதவீதக் கணக்கு வந்திருந்துச்சு. அதைப் பாத்ததும் மட்டும் கண்ணு நெறஞ்சுட்டு, செத்த நேரம் எழுத்தே தெரியலை.

ரிசல்ட் வந்த அன்னைக்கு ஜெயசீலன் முதல்ல அவன் நம்பரைப் போட்டுப் பாத்தான். இல்லை. பொறவு மனசை ஆத்திக்கிடணும்ல, எம் நம்பரைப் போட்டான். எம் நம்பர் லிஸ்ட்ல இருந்துச்சு. அத்தை எட்டிப் பாத்துட்டு, "தப்பா வந்திருக்கும்லே, மறுபடி பாரு"ன்னாங்க. மறுபடியும் அதேதான் வந்துச்சு. "எல்லாம் விதவை கோட்டா"ன்னு சொல்லிட்டு அவன் எந்திரிச்சான். உண்மைதான், கோட்டாவும் இருந்துச்சு. நான் முதல்தடவையா அவன் மூஞ்சியைப் பாத்துப் பேசினேன். "ஆமா தம்பி, ஃபீஸ் இல்லைன்னு நீங்க சொன்னீகளே, அந்தக் கோட்டாதான். அதுக்கு நான் உங்க அண்ணனைக் கொடுத்திருக்கேன்"னேன். அதுக்குப் பொறவு அந்த வீட்ல எங்கிட்ட யாரும் கேள்வி கேக்கலை.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீஸ்லயே வேலை போட்டாங்க. மடவார் வளாகத்துல ஒத்தை ரூம் வீடு பிடிச்சு, நானும் மகளும் வந்தோம். இதோட ஸ்தோத்திரம்னு முடிச்சுட்டு நான் உக்காந்திருக்கலாம். போன வருஷமே பாஸ்டர் சாட்சி சொல்லக் கூப்பிட்டாரு. நான்தான் வரலை. ஏன் வரலைன்னு இப்பச் சொல்லுதேன்.

முதல் சம்பளத்துல ஒரு பாக்கெட் நெறய முறுக்கு வாங்கினேன். தட்டு நெறய வச்சு எம் மக முன்னாடி வச்சேன். அவ ரெண்டு கையையும் மடியில வச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருந்தா. "தின்னும்மா"ன்னேன். "கேள்வி கேளும்மா"ன்னா. கேள்வியெல்லாம் கிடையாது, எல்லாம் உனக்குத்தான்னு சொன்னேன். அவ நம்பலை. ஒரு முறுக்கை எடுத்து ஓரமா வச்சா. "இது சித்தப்பாவுக்கு"ன்னா. அவன் இல்லை, அவன் ராஜபாளையத்துல இருக்கான், இங்க எதுக்கு வாரான்? ஆனா எம் மக தட்டுல அவன் பங்கு இருந்துச்சு.

ஸ்கூல்ல யாரோ பிறந்தநாளுக்கு மிட்டாய் கொடுத்திருக்காங்க. இவ, "என்ன கேள்வி மிஸ்?"னு கேட்டிருக்கா. டீச்சர் சிரிச்சுக்கிட்டே எங்கிட்ட சொன்னாங்க, புள்ள எம்புட்டு அறிவுன்னு. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டுக் கத்தி அழுதேன். பல நாள் அவ பசியோட உக்காந்திருக்கிறதைப் பாக்க முடியாம, "சரி, ரெண்டும் ரெண்டும் எம்புட்டு?"ன்னு நானே கேட்டேன். அவ நாலுன்னு சொல்லிட்டு நிம்மதியாத் தின்னா. எங்களை வெளிய கொண்டுவரச் சொன்னேன், ஆண்டவர் கொண்டுவந்தாரு. எம் புள்ளைக்குள்ள இருந்த அந்த முன்ரூம் மட்டும் வெளிய வரலை.

அப்புறம் ஒரே ஜெபம்தான். வேலை உயர்வு கேக்கலை, வீடு கேக்கலை. எம் மக சும்மா தின்னணும். அதைக் கேட்டுக் கேட்டு ஒரு வருஷம் ஓடிட்டு.

போன செவ்வாக்கிழமை. ஆபீஸ்லருந்து வந்து உலை வச்சுக்கிட்டு இருந்தேன். ஷைனி தெருவுல பக்கத்து வீட்டுப் புள்ளைகளோட ஓடிப்பிடிச்சு வெளாடிக்கிட்டு இருந்தா. திடுதிடுன்னு உள்ள ஓடி வந்தா, டப்பாவைத் திறந்தா, மண்ணுக் கையோட மூணு முறுக்கை அள்ளினா, ஒண்ணை வாயில வச்சுக்கிட்டே வெளிய ஓடிட்டா. எம் மூஞ்சியைக்கூடப் பாக்கலை. "ஏட்டி, கையைக் கழுவிட்டுத் தின்னுட்டி!"ன்னு பழக்கத்துல கத்திட்டேன். கத்தின பொறவுதான் எனக்கு உறைச்சுது. அடுப்புக்கு முன்னாடி அப்படியே உக்காந்துட்டேன். உலை பொங்கி அடுப்பே அணைஞ்சு போச்சு, அதுகூடத் தெரியாம உக்காந்திருந்தேன். இயேசப்பா, நீர் பெரியவர்.

அதைச் சொல்லத்தான் இன்னைக்கு வந்திருக்கேன். வேலை அதுக்கு முந்தின சமாச்சாரம்.

அத்தை போன் பண்ணினாங்க. ஜெயசீலனுக்கு இன்னும் வேலை அமையலையாம், ஒருநாள் வந்து கணக்கு சொல்லிக் கொடுக்க முடியுமான்னு கேட்டாங்க. ஜெபம் பண்ணுதேன் அத்தைன்னு சொல்லியிருக்கேன். மன்னிச்சுட்டியான்னு பாஸ்டர் கேப்பாரு. அவன் தொண்டையில சிக்கணும்னு இப்ப நான் ஜெபம் பண்றதில்லை. அம்புட்டுதான் இதுவரைக்கும் முடிஞ்சிருக்கு. மிச்சத்துக்கு நீங்களும் எனக்காக ஜெபிச்சுக்கோங்க.

இங்க யாராவது, கேட்டுக் கேட்டுச் சலிச்சுப் போய், ஆண்டவர் மேல ஆத்திரத்தோட உக்காந்திருக்கீங்களா? ஆத்திரத்தோடயே கேளுங்க. நான் அப்படித்தான் கேட்டேன். அவரு கோவிச்சுக்கிடலை.

முடிச்சுக்கிடுதேன். ஆராதனை முடிஞ்சு போகும்போது வாசல்ல எம் மக முறுக்குத் தட்டோட நிப்பா. ஆளுக்கு ரெண்டு எடுத்துக்கோங்க. ஒரே ஒரு உபகாரம். பேரென்ன பாப்பா, எத்தனாங்கிளாஸ் படிக்கேன்னு யாரும் அவகிட்ட எதுவும் கேட்டுராதீங்க. சும்மா எடுத்துத் தின்னுங்க.