என் காலைப் பார்த்து ஓடிய கண்ட்ரோல் ரூம்

சித்தூரைத் தாண்டி, திருப்பதி ரோட்டில் இருக்கிற ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் கண்ட்ரோல் ரூமுக்கு நான் பொறுப்பு. பயப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிற ஆள் என்று என் வீட்டுக்காரி சொல்வாள். தப்பு. சம்பளம் வேலைக்கு, பயம் இலவசம்.

இந்த சீசனுக்கு முன்னால் அலாரங்களைத் தரம் பிரிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. உடனே ஓட வேண்டியது சிவப்பு, கொஞ்சம் பொறுக்கலாம் என்றால் மஞ்சள், சாவகாசமாகப் பார்க்கலாம் என்றால் நீலம். மொத்தம் முந்நூற்றுச் சொச்சம். ஒவ்வொன்றையும் எடுத்து, இது அடித்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். யோசிக்க ஆரம்பித்தால் எனக்கு நடுவில் நிற்கத் தெரியாது. கழுவுகிற தொட்டியில் தண்ணீர் குறைந்தால் பழத்தில் மண், அப்புறம் கூழில் மண், அப்புறம் கோர்ட்டு, கூண்டில் நான். போடு சிவப்பு! கேன்டீன் ஃப்ரிட்ஜ் நின்றால் தயிர் புளிக்கும், ஆபரேட்டர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், பேனலில் ஆள் இருக்காது. அதுவும் சிவப்பு! இரண்டு நாளில் வேலை முடிந்தது. ஸ்க்ரீன் குங்குமக் கடை மாதிரி இருந்தது.

கூழ் வாங்குகிற கம்பெனி சார்பில் ஒரு மேடம் சென்னையிலிருந்து சோதிக்க வந்தார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் இந்த சீசனில் கூழ் லைன் ஓடும். ஓடாவிட்டால் பேனலில் உட்காருகிற இரண்டு பேருக்கும் இந்த வருஷம் வேலை கிடையாது. ஒருத்தி புத்தூர்க்காரி, இன்னொருத்தர் ஏர்பேடுக்காரர். இருவரையும் சீசனுக்கு மட்டும்தான் எடுப்பார்கள்.

மேடம் என் பட்டியலைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்த ஃப்ரிட்ஜ் அலாரம் அடிச்சா ஆபரேட்டர் என்ன சார் செய்யணும்?"

"தயிரைக் கொட்டணும் மேடம்."

"எத்தனை நிமிஷத்துக்குள்ள?"

"மதியச் சாப்பாட்டுக்குள்ள."

அவர் சிரிக்கவில்லை. ஆபரேட்டர் உடனே கைவைக்க வேண்டியதும், விட்டால் பெரிய சேதம் ஆவதும் மட்டும்தான் சிவப்பு என்றார். சாயங்காலத்துக்குள் ஒன்பது சிவப்புதான் மிஞ்சியது. நடுரோட்டில் வேட்டி அவிழ்ந்த மாதிரி இருந்தது எனக்கு.

மறுநாள் காலை, பழத்துக்குப் பதில் தண்ணீரை ஓட்டிச் சோதனை. கூழைக் கொதிக்க வைக்கிற குழாயில் சூடு குறைந்துவிட்டதாக மேடம் ஒரு பொய் அலாரம் விடுவார். மூன்று நிமிஷத்துக்குள் ஆபரேட்டர்கள் நீராவியைத் திறந்துவிட வேண்டும். "நீங்க பேசக் கூடாது, எழுந்திருக்கவும் கூடாது" என்று எனக்கு உத்தரவு. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தேன்.

சிவப்பு மின்னியது. பஸ்ஸர் கத்தியது. இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் சிலையாக இருந்தேன். புத்தூர்க்காரி நிதானமாக பஸ்ஸரை அமுக்கி நிறுத்திவிட்டு, காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த தன் வீட்டு எருமை கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். ஒரு நிமிஷம் ஆயிற்று. நான் புருவத்தால் ஸ்க்ரீனைக் காட்டினேன். இரண்டு நிமிஷம். வேர்வை காதுக்குள் இறங்கியது.

"சாருக்கு வயிறு சரியில்ல போலக்கீது," என்றார் ஏர்பேடுக்காரர்.

மூன்று நிமிஷம் முடிந்தது. ஃபெயில்.

"ஏம்மா, சிவப்பு எரியுது, பாக்கலையா?" என்றார் மேடம்.

"பாத்தோம் மேடம். ஆனா சார் உக்காந்துக்கினு இருந்தாரே!"

"அதனால?"

"ஸ்க்ரீன்ல எப்பவும் எதனா மின்னிக்கினுதான் இருக்கும். அத்த யாரு பாப்பாங்க? நாங்க சாரத்தான் பாப்போம். நடந்தார்னா சும்மா. வேகமா நடந்தார்னா ஒரு கண்ணு வைக்கணும். ரப்பர் பூட்ஸ உதறிட்டு ஓடினார்னா நாங்களும் எழுந்து ஓடணும். மூணு சீசனா இப்படித்தான், ஒரு தப்பு வந்தது இல்ல."

மூன்று சீசனாக நான் அலாரத்தைப் பார்த்து ஓடுகிறேன், இவர்கள் என்னைப் பார்த்து ஓடுகிறார்கள். இரண்டு நாள் உட்கார்ந்தும் எனக்குச் செய்யத் தெரியாத தரம் பிரிக்கிற வேலையை என் கால் இத்தனை நாளாகச் செய்துகொண்டிருந்திருக்கிறது!

மேடம் இன்னொரு வாய்ப்பு கொடுத்தார். அதற்கு ஒரே நிபந்தனை, நான் கட்டடத்துக்குள்ளேயே இருக்கக் கூடாது. வெளிக் கேட்டுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ்ஸர் சத்தம் அங்கே கேட்காது. அடித்ததா? பார்த்தார்களா? எருமை கதை எதுவரை போயிற்று? ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்ததற்கு ஒரு கால் தானாகக் கிளம்பிவிட்டது. கம்பியை விட்டிருந்தால் காளஹஸ்தியில்தான் போய் நின்றிருப்பேன்.

கால் மணி கழித்து புத்தூர்க்காரி ஆடி அசைந்து வந்தாள்.

"முடிஞ்சிச்சு சார். ஒன்றரை நிமிஷம்தான்."

"நான் இல்லாமயா?"

"நீங்க இல்லாததாலதான். பாக்கறதுக்கு ஸ்க்ரீன் ஒண்ணுதான இருந்துச்சு?"

"கையெழுத்து?"

"போட்டுட்டாங்க. சீசன் முடியற வரைக்கும் உங்க டேபிள் வராண்டாவுல இருக்கணும்னு எழுதி போட்டுக்கீறாங்க."

சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. உள்ளே போய் டேபிளை ஒரு பக்கம் நான் பிடித்தேன், இன்னொரு பக்கம் அவள். வாசலைத் தாண்டும்போது பின்னால் பஸ்ஸர் கத்தியது. சோதனைதான் முடிந்துவிட்டதே, இது நிஜ அலாரம். நான் அப்படியே நின்றேன். ஏர்பேடுக்காரர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. ஸ்க்ரீனைப் பார்த்தபடி வால்வைத் திருகிக்கொண்டிருந்தார்.

"தூக்குங்க சார்," என்றாள், "கை நோவுது எனக்கு."

தூக்கினேன்.