மசிக்கா குடியிருந்த இரண்டு ஊர்கள்

வீடு பார்க்க வந்த அன்று மசிக்கா வாடகையைப் பற்றிக் கேட்கவே இல்லை. "குழாயில தண்ணி எப்ப வரும்க்கா?" என்றுதான் கேட்டாள். வரும்போது வரும் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் நின்ற எட்டு வயதுப் பெண்ணின் தலைத்துணியைச் சரிசெய்துவிட்டு, எங்கள் தெருப் புழுதியை ஒரு தடவை பார்த்தாள். வேறு வழியில்லாதவர்கள் பார்க்கிற பார்வை அது.

அரசாங்கம் அலுவலகங்களை எல்லாம் கடலோர டார் எஸ் சலாமிலிருந்து, உள்நாட்டில் காய்ந்து கிடந்த எங்கள் டொடோமாவுக்கு மாற்றிக்கொண்டிருந்த காலம். டாரிலிருந்து லாரி லாரியாக மேசைகளும் நாற்காலிகளும் வந்தன, பின்னாலேயே ஆட்களும் வந்தார்கள். அதுவரை எங்கள் பக்கத்தில் வாடகை அறைக்கு ஆள் கிடைப்பதே கஷ்டம். அப்புறம் ஆட்டுக் கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்து வாடகைக்கு விட்டவர்கள்கூட உண்டு. மசிக்கா ஒரு அமைச்சகத்தில் தட்டச்சு வேலை பார்த்தாள். போ என்றார்கள், வந்துவிட்டாள். அவளைக் கேட்டு யாரும் தலைநகரை மாற்றவில்லை.

அவள் பெயருக்குப் பெருமழைக் காலம் என்று அர்த்தம். எங்கள் ஊரில் அந்தப் பெயரைப் பிள்ளைக்கு வைக்க யாருக்கும் தோன்றாது.

டாரில் அவர்கள் வீடு கிகாம்போனியில், கழிமுகத்துக்கு அந்தப் பக்கம். கணவன் ஷொமாரிக்கு அப்பா விட்டுப்போன வீடு, அதனால் வாடகை கிடையாது. முற்றத்தில் இரண்டு தென்னை. காலையில் படகேறி இந்தப் பக்கம் இறங்கினால் கூப்பிடு தூரத்தில் அலுவலகம். ஷொமாரி அங்கேயே மீன் சந்தையில் ஏலம் விடுகிறவன். சாயங்காலம் கையில் மீன் இல்லாமல் அவன் வீடு திரும்பியதில்லை என்பாள். இங்கே வந்த பிறகு தேங்காய்க்கும் காசு, மீனுக்கும் காசு, தண்ணீர் வராத நாட்களில் கேன் தண்ணீருக்கும் காசு. சம்பளம் அதே சம்பளம்தான்.

ஆனால் அவள் ஒரேயடியாகக் குறை சொல்கிறவளும் இல்லை. துணி துவைத்துக்கொண்டே ஒன்றுக்கொன்று ஒப்பிட்டுப் பார்ப்பாள். அங்கே படகில் நெரிசல், இங்கே நடந்தே போய்விடலாம். அங்கே மின்விசிறி இல்லாமல் தூங்க முடியாது, இங்கே போர்வை வேண்டியிருக்கிறது. தக்காளி, வெங்காயம், திராட்சை எல்லாம் இங்கே மலிவு. அங்கே பத்து மணிக்குத் தனியாக நடக்கப் பயம், இங்கே நாய்க்கு மட்டும் பயம். நான் செய்த கொழகொழ கீரையை முதல் தடவை வாயில் வைத்துவிட்டு விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அவள் விழித்தது இன்னும் நினைவிருக்கிறது. ஆறு மாதத்தில் அவளே கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

இந்த ஒப்பீட்டில் எந்தப் பக்கமும் சேர்க்க முடியாத ஒன்று இருந்தது. அது அவள் மகள் தௌஹிதாவின் மூச்சு.

அந்தப் பிள்ளைக்குப் பிறந்ததிலிருந்தே மூச்சிரைப்பு. டாரில் மழைக்காலம் வந்தால் பாதி நாள் ஆஸ்பத்திரியில்தான். எங்கள் புழுதியில் இவள் பிழைக்க மாட்டாள் என்றே நானும் நினைத்தேன். நடந்தது வேறு. மூன்றாம் மாதம் இன்ஹேலரைத் தொடாமல் இருந்தாள். அடுத்த வருடம் பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் ஓடினாள். இங்குள்ள டாக்டர், ஒவ்வொரு நெஞ்சும் ஒவ்வொரு மாதிரி, சிலருக்கு ஈரக்காற்று ஆகாது, இவளைக் காய்ந்த ஊரிலேயே வைத்திருங்கள் என்றார். அதைக் கேட்டுவிட்டு வந்த அன்று மசிக்கா என் அடுப்படியில் உட்கார்ந்து சந்தோஷத்தில்தான் அழுதாள். கொஞ்சம் கழித்து, அந்த அழுகை வேறு மாதிரி ஆகிவிட்டது. "அப்ப நாங்க திரும்பிப் போகவே முடியாதாக்கா?" என்று கேட்டாள்.

அதுவரை டாரிலேயே இருந்த ஷொமாரி அதன் பிறகுதான் இங்கேயே வந்துவிடுவது என்று முடிவெடுத்தான். ஏலக் களத்தில் தன் இடத்தைச் சித்தப்பா மகனிடம் விட்டுவிட்டு ஒரு பெட்டியோடு வந்து இறங்கினான். நல்ல உயரம், இரண்டு தெருவுக்குக் கேட்கிற குரல். வந்த முதல் வாரமே என்னிடம் வம்புக்கு வந்தான்.

"அக்கா, உங்க ஊர்க்காரங்க எங்க ஊர் சிக்னல்ல கையேந்துவாங்க. இப்ப நான் உங்க குழாயடியில கேனை ஏந்திட்டு நிக்கிறேன். சரிக்குச் சரி ஆயிடுச்சு."

"கேனையாவது நேராப் பிடிப்பா. கடல்காரன் கையில பாதி தரையிலதான் போகுது," என்றேன்.

முதலில் பஸ்ஸில் ஐஸ் பெட்டி வரவழைத்துக் கடல்மீன் விற்றுப் பார்த்தான். டாரில் இருந்து வந்தவர்கள் ஆசையாக வந்து பெட்டியைத் திறந்து பார்த்து, கண் மங்கிப்போச்சே என்று திரும்பிப் போனார்கள். எங்கள் ஆட்களுக்குக் கருவாடும் ஆட்டுக்கறியும் போதும். ஐஸ் உருகியது, காசும் கூடவே உருகியது. அப்புறம் யாரோ சொல்லி மசலாட்டோ சனிச்சந்தைக்குப் போனான். ஆடு மாடு ஏலம் போகிற சந்தை அது. குரல் இருக்கிறது, ஏலம் விடத் தெரியும், மீனாக இருந்தால் என்ன, ஆடாக இருந்தால் என்ன என்று நினைத்துவிட்டான்.

அன்று நானும் சந்தையில் இருந்தேன். ஒரு வெள்ளாட்டைத் தூக்கி நிறுத்திக்கொண்டு ஆரம்பித்தான். குரல் ஜோராக இருந்தது, நாலு பக்கமும் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். "கண்ணைப் பாருங்க, எப்படித் தெளிவா இருக்கு. விடிகாலைல வந்த சரக்கு," என்றான். வாய்ப் பழக்கம். ஒரு கிழவர் கம்பை ஊன்றிக்கொண்டு, "எந்தக் கடல்ல பிடிச்சது தம்பி?" என்று கேட்டார். சந்தையே சிரித்தது. ஷொமாரியும் சிரித்தான், நன்றாகவே சிரித்தான். அடுத்த ஆட்டின் பல்லைப் பிடித்து வயசு சொல்லச் சொன்னார்கள். அவனுக்குத் தெரியவில்லை. மத்தியானம் என்னோடு அதே வண்டியில் திரும்பி வந்தான்.

அதற்குப் பிறகு அவன் வேலை தேடவில்லை. காலையில் மனைவி அலுவலகத்துக்கும் மகள் பள்ளிக்கூடத்துக்கும் போனதும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வாசலில் போட்டு உட்காருவான். சாயங்காலம் அவர்கள் வரும்போதும் அங்கேயே இருப்பான். நாளுக்கு நாள் குரல் தாழ்ந்துகொண்டே வந்தது. கடைசியில் பக்கத்தில் நின்றால்தான் கேட்கும் என்று ஆயிற்று. ஒரு நாள் மசிக்காவே அவன் பெட்டியை எடுத்து வைத்து, "தௌஹிதா அப்பா, நீங்க போங்க. இப்படி உங்களைப் பாத்துட்டு இருக்க என்னால முடியல," என்று அனுப்பிவைத்தாள். சண்டை எதுவும் இல்லை. சண்டை போட்டிருந்தால்கூட யார் மேலாவது பழி போட்டிருக்கலாம்.

பிறகு மாதம் ஒருமுறை வருவான். புது ரயில் வந்த பிறகு பயணம் சுலபம்தான், ஆனால் டிக்கெட் காசு என்று ஒன்று இருக்கிறதே. இரண்டு ஊரில் இரண்டு அடுப்பு, நடுவில் ஒரு ரயில். மசிக்கா துணி துவைக்கும்போது ஊர்களை ஒப்பிடுவதை நிறுத்திவிட்டாள். வருடா வருடம் டாருக்கு மாற்றல் கேட்டு மட்டும் எழுதிப் போட்டாள். மகளுக்குச் சரியாகிவிட்டது, வளர்ந்துவிட்டால் இந்த நோய் விட்டுப்போகும் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

போன வருடம் மாற்றல் கிடைத்தது.

தெருவுக்கே அவள் இனிப்புத் தோசை சுட்டுக் கொடுத்தாள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது. அவர்கள் போன முதல் இரண்டு வாரம் தினமும் போன் வரும். பிள்ளை நன்றாக இருக்கிறாள், கடலில் குளிக்கிறாள், அப்பாவோடு ஏலத்துக்குப் போகிறாள் என்று. அப்புறம் மழை பிடித்தது.

நடந்ததை ஷொமாரிதான் பிற்பாடு என்னிடம் சொன்னான். மூன்று பேரும் படகில் வந்துகொண்டிருந்தார்கள். காலை நெரிசல், நிற்கத்தான் இடம். கழிமுகத்தின் நடுவில் பிள்ளைக்கு இழுக்க ஆரம்பித்தது. பழக்கம் விட்டுப்போனதால் இன்ஹேலர் வீட்டில் இருந்தது. கரை கண்ணுக்கு முன்னாலேயே தெரிகிறது. படகு அதன் வேகத்தில்தான் போகும். "தண்ணிக்காரன்தானே நானு, குதிச்சு நீந்திருப்பேன்க்கா. அவளைத் தூக்கிட்டு எப்படி நீந்துறது? கத்துனேன். என் குரலுக்கு எல்லாரும் வழி விட்டாங்க. வழி விட்டு என்ன, எங்க போறது? உதடு நீலமாகுது, நான் கையில வெச்சுட்டு நிக்கிறேன்," என்றான். கரையில் ஒரு மருந்துக்கடைக்காரர் ஓடி வந்து காப்பாற்றியிருக்கிறார். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

மாற்றலை ரத்து செய்யக் கேட்டு மசிக்கா, கணவனையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்தாள். அலுவலகத்துக்கு அவள் கூட நானும் போனேன். அதிகாரி நல்ல மனிதர், உட்காரச் சொன்னார், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்களேதானேம்மா வருஷா வருஷம் கேட்டீங்க? உங்க இடத்துக்கு ஆளும் வந்தாச்சு. அவங்களும் பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்துட்டாங்க. அவங்களை நான் எங்க அனுப்புறது, சொல்லுங்க," என்றார்.

மசிக்கா வேலையை விடலாம் என்றால், பிள்ளையின் மருந்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் காப்பீடு அந்த வேலையில்தான் இருந்தது. அன்று ராத்திரி என் அடுப்படியில் ஷொமாரி, நான் இங்கே வந்து பிள்ளையோடு இருக்கிறேன் என்றான். அதற்கு தௌஹிதாதான் மறுத்தாள். "வேணாம்ப்பா. நீங்க வந்தா திரும்ப அந்த நாற்காலியிலதான் உக்காந்திருப்பீங்க," என்று மெதுவாகச் சொன்னாள். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்படித்தான் அந்தப் பெண் என் வீட்டில் தங்கினாள். என் மகளின் பழைய கட்டிலில் தூங்குகிறாள். இப்போது பதின்மூன்று வயது. எங்கள் கோகோ பாஷையில் என் அண்ணன் பிள்ளைகளோடு சண்டை போடுகிறாள், அவர்களைவிட நன்றாகத் திட்டத் தெரியும். மசிக்கா மாதத்துக்கு ஒரு தடவை ரயிலில் வந்து, ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் போகிறாள். கிகாம்போனி வீட்டில் வாடகை இல்லை, மீன் உண்டு, தேங்காய் உண்டு, கணவன் உண்டு. குரலும் திரும்பி வந்துவிட்டதாம் அவனுக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை மசிக்கா கிளம்பும் நேரம். பை கட்டியாயிற்று. மகளின் தலையைப் பின்னிக்கொண்டே, வெயில் காலத்தில் மழையே இருக்காது, லீவுக்கு ஒரு வாரம் டாருக்கு வந்துவிட்டுப் போயேன் என்று கேட்டாள். தௌஹிதா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு அங்க மூச்சு முட்டும்மா," என்றாள். அதோடு, அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து இருக்கிறது என்றும் சொன்னாள்.

மசிக்கா கை ஒரு கணம் நின்றது. இவள் சொல்வது நெஞ்சா, வலைப்பந்தா என்று அவளுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்கே தெரியுமோ என்னவோ. "சரிம்மா," என்று சொல்லிப் பின்னலை முடித்தாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு அவளை நிலையம் வரை கொண்டுபோய் விட்டேன்.