அக்கா செய்து முடித்த துவக்கு

எங்கள் அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்திருக்கும் உறவுகளே, நண்பர்களே, இந்த நினைவு மலரின் தலைப்பில் துப்பாக்கியைப் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளியுங்கள். நானும் ஆறு ஆண்டுகள் சுளித்தவன்தான்.

அக்கா யாழ்ப்பாணத்து வடமராட்சியில் எங்கள் பெற்றோரின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருக்குப் பதினேழு வயதும் எனக்கு எட்டு வயதும் நடக்கும்போது அப்பா வீட்டு வாசலில் சுடப்பட்டார். சுட்டவர் யாரென்று இன்றுவரை தெரியாது. அதன் பிறகு எங்கே வெடிச்சத்தம் கேட்டாலும் எங்கள் வீட்டில் எழுந்த கேள்வி ஒன்றுதான்: ஆர் செத்தது? இரண்டு ஆண்டுகளில் அம்மாவும் போய்விட, அக்கா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு சுவிஸுக்கு வந்து சேர்ந்தார்.

ஆரா நகரில் உணவகமொன்றில் பாத்திரம் கழுவினார். பிறகு எம்மன்புரூக்கேயில் ஒரு தொழிற்சாலையில் உலோகப் பாகங்களை அரத்தால் தேய்த்துச் சீராக்கும் வேலை. கண்ணுக்குத் தெரியாத பிசிறையும் விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவார். என்னைப் படிக்க வைத்ததும் கலியாணம் செய்துவைத்ததும் அந்த விரல்கள்தான். தான் ஏன் கலியாணம் செய்யவில்லை என்று விசாரித்தவர்களுக்கு அக்கா தேநீர் மட்டும் கொடுத்து அனுப்பினார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு பலவீனம் இருந்தது. ஆகஸ்ட் முதலாம் திகதி, இந்த நாட்டின் தேசிய நாளில், ஊரே வாணவேடிக்கை விடும்போது அக்கா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார். வேலைத்தலத்து நண்பர் உர்ஸ் இதை அறிந்து, தன் ஊர்த் துவக்குச் சூட்டுக் கழகத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கும்படி அழைத்தார். அக்கா போனார். பிறகு வாராவாரம் போனார். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் இங்கே துவக்கு வாங்கச் சட்டம் விடாது. சுவிஸ் குடியுரிமை கிடைத்ததும் அக்கா முதலில் போட்ட விண்ணப்பம் துவக்கு அனுமதிப் பத்திரத்துக்குத்தான்.

எனக்குத் தெரியவந்தபோது நான் ஆடிய ஆட்டத்தை என் மனைவி இன்றும் சொல்லிக்காட்டுவாள். அப்பாவைக் கொன்ற சாமானை வீட்டுக்குள் கொண்டுவருகிறீர்களா என்று கத்தினேன். அக்கா சத்தம் போடவில்லை.

“தெரியாத சாமானுக்குத்தான் தம்பி பயம். கழட்டிப் பாத்தன். இரும்பும் மரமும்தான்.”

அதை நான் தொடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பழைய துவக்கொன்றின் குழலையும், தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் பூட்டையும் அக்கா முறைப்படி வாங்கினார். தோளில் அணைக்கும் மரப்பாகத்தை ஒரு வால்நட் பலகையிலிருந்து தானே செதுக்கினார். அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலவறைதான் பட்டறை. இரும்பில் மெல்லிய கறுப்பு மை தடவி மரத்தில் பதிப்பார், மை ஒட்டிய புள்ளியை மட்டும் சுரண்டுவார், மறுபடி பதிப்பார். இப்படி நூறு தடவை, ஆயிரம் தடவை. உடுப்புத் தோய்க்க நிலவறைக்கு வரும் அயலவர்கள் கூடையோடு நின்று பார்த்துவிட்டுப் போவார்களாம். இரும்பு எங்கே முடிகிறது, மரம் எங்கே தொடங்குகிறது என்று நகத்தால்கூடக் கண்டுபிடிக்க முடியாது என்று உர்ஸ் எனக்குச் சொன்னார்.

மரத்துக்கு எண்ணெய் பூசத் தொடங்கிய நேரத்தில்தான் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. தைப்பொங்கல் வரை தாங்கலாம் என்றார் வைத்தியர். துவக்கை முடித்து, அதை ஒருநாளாவது தன் கையால் சுட வேண்டும் என்பது மட்டுமே அக்காவின் ஆசையாக இருந்தது.

அந்த வருடச் சரஸ்வதி பூசைக்கு அக்கா தன் அரங்களைப் படத்தின் முன் வைத்திருந்தார். ஓரத்தில் அந்த மரமும் கிடந்தது. இனியும் என்ன கோபம் என்று என் மனம் இளகிவிட்டது. புத்தகங்களுக்கும் அரங்களுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவன், மரத்துக்கு எல்லாவற்றிலும் பெரிய பொட்டாக, சந்தனமும் குங்குமமுமாய், அழுத்தி வைத்தேன். எண்ணெய் காய்ந்திருக்கவில்லை. துடைக்கத் துடைக்கச் சிவப்பு மரத்துக்குள் இறங்கிப் பரவியது.

வைத்தியர் சொன்ன கணக்கு எனக்கும் தெரியும். “விடுங்கோ அக்கா, பொட்டுத்தானே” என்றேன்.

“பொட்டெண்டால் விட்டிருப்பன். இது கறை.”

“நேரம் காணுமோ அக்கா?”

“காணாட்டியும் செய்யிறதுதான்.”

மறுநாளே முழுவதையும் உரசி வெறும் மரமாக்கினார். ஊசி மருந்து ஏற்றிய கையால், சிகிச்சை இல்லாத நாட்களில், ஒரு நாளைக்கு ஒரு பூச்சு. பத்து நிமிடம் தேய்ப்பார், அரை மணி நேரம் படுப்பார். பொங்கல் வந்தது, போனது. அக்கா இருந்தார். மாசியில் வேலை முடிந்தது. பொருத்திய துவக்கை ஆயுதக் கடைக்காரர் சோதித்துச் சரியென்றார். செய்தது எந்தப் பட்டறை என்றும் கேட்டார். அந்த மரத்தை நான் முதன்முதலாகத் தடவிப் பார்த்தபோது விரலில் ஒரு பிசிறும் தட்டுப்படவில்லை. இத்தனை வருடம் கூட இருந்தவரை எனக்குத் தெரிந்தேயிருக்கவில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

சித்திரையில், வலி குறைந்திருந்த ஒரு காலையில், அக்கா கண்களை மூடினார். வைத்தியசாலைத் தாதியருக்கும், முறை வைத்துச் சமைத்துத் தந்த எம்மன்புரூக்கே குடும்பங்களுக்கும், கிரியைகளை நடத்திய ஐயருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

உர்ஸுக்கு என் நன்றி தனியானது. பங்குனியில் ஒரு சனிக்கிழமை அவரும் நானுமாக அக்காவைத் தாங்கிப் பிடித்து, சூட்டுத் திடலின் பாயில் குப்புறப் படுக்க வைத்தோம். முதல் வெடிக்கு நான் காதையும் கண்ணையும் பொத்திக்கொண்டேன். நாலாவதுக்குக் கண்ணைத் திறந்தேன். தூரத்தில் ஒரு வெள்ளை அட்டை, அதன் நடுவில் ஒரு கறுப்பு வட்டம், அப்பால் பசும்புல். அக்கா பத்தையும் சுட்டு முடித்து, பூட்டைத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று விதிப்படி காட்டினார். பிறகு கன்னத்தை அந்த மரத்தில் வைத்தபடியே என் பக்கம் திரும்பினார்.

“பாத்தியே தம்பி. பத்து வெடி. ஒருத்தரும் சாகேல்லை.”