நேர்ந்துவிட்ட கிடாயின் ரத்தம்

என் தம்பி இரண்டாவது முறையாக மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தபோது, அம்மா கருப்பசாமிக்கு ஒரு செம்மறிக் கிடாயை நேர்ந்துவிட்டாள். நான் டாக்டரிடம் சண்டை போட்டேன். தம்பி ஓடைப்பட்டியிலிருந்து கேரளாவுக்குப் பிக்கப் வண்டியில் திராட்சை ஏற்றிப் போகிறவன். மூன்றாவது முறை வந்தால், அதுவும் மலைப்பாதையில் வந்தால், பிழைப்பானா? ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று சொல்லாமல் மாத்திரை எழுதினால் எப்படி என்று கத்தினேன். அவர் எங்களை ஒரு மருத்துவக் கல்லூரி ஆய்வகத்துக்கு அனுப்பிவைத்தார்.

அங்கிருந்த டாக்டரம்மா பொறுமைசாலி. கிருமியை ஓட்டை போட்டுக் கொல்லும் புரதங்கள் எல்லார் ரத்தத்திலும் உண்டாம். தம்பிக்கு அவற்றில் ஏதோ ஒன்று இல்லையோ என்று சந்தேகப்பட்டார். பழைய முறையில் சோதிக்கலாம், ஆனால் செம்மறி ஆட்டு ரத்தம் வேண்டும், அவர்கள் வளர்த்த ஆடு செத்துப்போனது என்றார்.

"எங்க வீட்ல ஒண்ணு நிக்கிது" என்றேன்.

அம்மா ஊரைக் கூட்டினாள். "ஏத்தா, உனக்குக் கிறுக்கா? சாமி கிடாய்ல ஊசி போடுவாகளா? நாளைக்குத் தண்ணி ஊத்துறப்ப அது சிலுப்பலைன்னா என்னடி செய்வ?"

வெட்டுவதற்கு முன் கிடாயின் மேல் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி ஏற்றுக்கொண்டது என்று பொருள். சிலுப்பாவிட்டால் குறை. அம்மாவைப் பொறுத்தவரை, அந்தக் குறை நேராகத் தம்பியின் தலையில் விழும்.

"சாமிக்கு முழுக் கிடாயும் இருக்கு. ஒரு குப்பி ரத்தத்துக்குக் கோவிச்சுக்கிட்டா அது என்ன சாமி?" என்று சொல்லிவிட்டுக் கிடாயைத் தம்பியின் வண்டியிலேயே ஏற்றினேன்.

கல்லூரி வாசலில் காவலாளி மறித்தார். "ஏம்மா, மாட்டாஸ்பத்திரி அங்கனல்ல இருக்கு?"

"இது நோயாளி இல்லண்ணே, ரத்தம் குடுக்க வந்திருக்கு" என்றான் தம்பி.

கழுத்தில் ஒரு கை அகலம் ரோமத்தை வழித்து ரத்தம் எடுத்தார்கள். பிறகு ஒரு நாள் எங்கள் இருவரிடமும் எடுத்தார்கள். கண்ணால் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்றேன். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே உள்ளே விட்டார்.

இரண்டு கண்ணாடிக் குழாய்கள். இரண்டிலும் கிடாயின் சிவப்பணுக்கள், ரோஸ்மில்க் மாதிரி கலங்கலாக இருந்தன. அந்நியன் என்று காட்டிக்கொடுக்கும் ஒரு புரதத்தை அவற்றின் மேல் முன்பே ஒட்டிவைத்திருந்தார்கள். ஒன்றில் என் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை ஊற்றினார்கள், மற்றதில் தம்பியுடையதை. உடம்புச் சூட்டில் வைத்துக் காத்திருந்தோம்.

என் குழாய் தெளிந்தது. சர்பத் மாதிரி, சிவப்பு அப்படியே இருக்க, கலங்கல் மட்டும் போய்விட்டது. பின்னால் சுவரில் ஒட்டியிருந்த எழுத்துகளை அதன் வழியாகப் படிக்க முடிந்தது. எத்தனை கோடி அணுக்கள்! எல்லாம் வெடித்துவிட்டன. வெடிக்க வைத்தது நான். எனக்குத் தெரியாமலே.

"படைவீரர்கள் மாதிரி" என்றார் டாக்டரம்மா. எனக்கு அது பிடிக்கவில்லை. படைக்குத் தளபதி உண்டு, சம்பளம் உண்டு. இங்கே ஆணையிட ஒரு ஆளும் இல்லை. ரத்தத்தில் சும்மா மிதக்கும் ஒரு புரதம் அந்நியனின் மேல் போய் உட்கார்கிறது. அது அடுத்ததை எழுப்புகிறது, அது அதற்கடுத்ததை. கடைசியில் வரும் சில புரதங்கள் வளையமாகக் கூடி, கிருமியின் தோலில் ஓட்டை போடுகின்றன. தண்ணீர் உள்ளே பாய்கிறது. கிருமி வெடிக்கிறது. நம் சொந்த அணுக்கள் மேலும் அவை தெரியாமல் உட்காருமாம். ஆனால் நம் அணுக்களிடம் தடுப்பு இருக்கிறது, உடனே கழற்றிவிடும். நான் திட்டிக்கொண்டு திரிந்த அத்தனை நாளும் எனக்குள்ளே இது நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

தம்பியின் குழாயை ஆட்டிப் பார்த்தார்கள். ரோஸ்மில்க். ஒரு எழுத்தும் தெரியவில்லை.

கடைசியில் வருகிற புரதங்களில் ஒன்று அவனுக்குப் பிறவியிலேயே இல்லை. மற்ற கிருமிகளை உடம்பு வேறு வழிகளில் சமாளித்துவிடும். இந்த மூளைக்காய்ச்சல் கிருமிக்கு மட்டும் அந்த ஓட்டைதான் எமன். தடுப்பூசி போட்டார்கள். "அதுவும் முழுக்காவல் இல்ல. காய்ச்சல் அடிச்சா எதையும் யோசிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும்" என்றார் டாக்டரம்மா.

மூன்றாவது முறையும் வந்தது, குமுளியில், லோடோடு நின்றபோது. திராட்சையை அப்படியே விட்டுவிட்டு, கிடைத்த வண்டியில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்த் தனக்கு என்ன இல்லை என்று சொன்னான். உடனே மருந்து ஏற்றினார்கள். திராட்சை அழுகியது. அவன் பிழைத்தான்.

அதன் பிறகுதான் கோயிலில் கிடாயை நிறுத்தினோம். வழித்த இடத்தில் ரோமம் குட்டையாகவே இருந்தது. பூசாரி தண்ணீர் ஊற்றினார். கிடாய் அசையவில்லை. இன்னொரு சொம்பு. அசையவில்லை. அம்மா கிடாயைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். ஒரு குப்பி ரத்தத்துக்குச் சாமி கோவித்துக்கொண்டதோ என்று எனக்கும் தோன்றியது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

தம்பி குனிந்து அதன் காதருகே, "ஏலே, நீ குடுத்த ரத்தத்துலதான் நான் நிக்கிறேன். சிலுப்புறா" என்றான்.

மூன்றாவது சொம்புக்குச் சிலுப்பியது. தெறித்த தண்ணீரில் தம்பி முழுக்க நனைந்தான். அம்மா ஓடிவந்து முந்தானையால் அவன் தலையைத் துவட்டினாள்.

"ஈரத்தோட நிக்காதடா, காய்ச்சல் வந்துரும்" என்றாள்.