கூடைக்கு நாலு பூச்சி

அன்று பங்களா வாசலில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: தேயிலைத் தோட்டத்துத் துரை, அவர் மனைவி துரைசாணி, கண்டாக்கையா, பங்களாவில் சமைக்கும் அப்பு, என் அம்மா, அம்மாவின் இடுப்பில் எட்டு மாதத் தம்பி, நான். ஏழு பேர். நாயையும் சேர்த்தால் எட்டு. இதை ஏன் இத்தனை சுத்தமாகச் சொல்கிறேன் என்றால், பிற்பாடு எங்கள் வரிசைக் குடியிருப்பான லயத்தின் பத்துக் காம்பராவில் இருந்தவர்களும் தாங்களே பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி கதை சொன்னார்கள். கொஞ்ச நாளில் அப்பாவும் அப்படிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா ஹட்டனுக்குச் சாமான் வாங்கப் போயிருந்தார். கருவாடு வாங்கிக்கொண்டு அவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எதற்கும் பயப்படுகிற பிள்ளை. மழை பெய்தால் லயத்துக்குப் பின்னால் மண் சரியும் என்று பயம். பெய்யாவிட்டால் கொழுந்து காய்ந்து எல்லாருக்கும் வேலை நின்றுவிடும் என்று பயம். நடக்கும்போது நிமிர்ந்தே பார்க்க மாட்டேன். அட்டை ஏறிவிடுமே என்று தரையைப் பார்த்துக்கொண்டே போவேன். அப்படிக் குனிந்து நடந்ததில்தான் அந்தப் பூச்சிகளை எனக்குத் தெரிந்தது.

மற்றப் பிள்ளைகள் மஞ்சளும் நீலமுமாக மேலே பறக்கிற வண்ணத்துப்பூச்சிகளைத் துரத்துவார்கள். நான் சொல்வது மண் நிறம். மழைத் தண்ணீர் ஓடும் கான் ஓரத்துப் புல்லில், நிழலில், முழங்கால் உயரத்துக்கு மேல் எழும்பாமல் தத்தித் தத்திப் பறக்கும். உட்கார்ந்ததும் இறக்கையை மூடிக்கொள்ளும். சருகுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. கிட்டப் போய்ப் பார்த்தால் இறக்கை ஓரத்தில் வரிசையாகக் கண்கள் இருக்கும். நடுவில் வெள்ளைப் பொட்டு, சுற்றிக் கறுப்பு, அதைச் சுற்றி மஞ்சள் வளையம். ஒன்றுக்கு ஐந்து கண் இருக்கும், இன்னொன்றுக்கு ஏழு. நான் அதைக் கண்ணுப்பூச்சி என்று சொல்வேன். அது என்னையே பார்க்கிறது என்று அதற்கும் கொஞ்சம் பயந்ததுண்டு.

அந்த வருசம் வீட்டில் பெரிய கவலை அம்மாவின் பேர். மலையில் கொழுந்து எடுக்கிறவர்கள் அந்தி நிறுவைக்குப் பதினாறு றாத்தல் காட்டினால் முழுப்பேர். ஒரு றாத்தல் குறைந்தாலும் அரைப்பேர், பாதிச் சம்பளம். தம்பிக்குப் பால் கொடுக்க அம்மா ஒரு நாளைக்கு இரண்டு தடவை மலையிலிருந்து இறங்கி, கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவுக்கு ஓடி வருவாள். அந்த நேரத்தில் அவளுக்குப் பிரித்துவிட்ட செடி நிரையில் கொழுந்து பறிக்காமல் நின்றுவிடும். மாதத்தில் நான்கு அரைப்பேர் விழுந்தாயிற்று. அப்பா பேச்சை வளர்க்கிறவர் இல்லை. ஒரு நாள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்.

“இன்னொரு அரைப்பேரு விழுந்துச்சுன்னா இவ பள்ளிக்கூடம் போவ வேணாம். புள்ளையத் தூக்கிக்கிட்டு மலைக்கு வரட்டும். நீ நிரைய விட்டு எறங்காம எடுக்கலாம்.”

அம்மா அப்பாவின் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்தாள். பள்ளிக்கூடம் என்றாலும் எனக்குப் பயம்தான், வாத்தியார் குட்டுவார். ஆனால் அட்டை நிறைந்த மலையில் நாள் முழுக்கத் தம்பியைத் தூக்கிக்கொண்டு நிற்பது அதைவிடப் பயம். அதோடு, சிலேட்டில் என் பெயரை எழுதி அதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கும். அதை யாரிடமும் சொன்னதில்லை.

நிறுவையில் தராசைப் பார்த்து றாத்தல் சொல்கிறவர் கண்டாக்கையா. மலையில் துரைக்கு அடுத்தது அவர்தான். “இருபது” என்பார். மூச்சு விடாமல் “கூடைக்கு ரெண்டு, தண்ணிக்கு ரெண்டு” என்று நான்கைக் கழித்து எழுதுவார். கூடையின் எடைக்கு இரண்டு, ஈரக் கொழுந்தில் ஒட்டிய மழைத் தண்ணீருக்கு இரண்டு. நான் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து கேட்ட பாட்டு அது. உலகத்தில் எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் நான்கு கழியும் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு தடவை வாத்தியார் பதினாறு கொய்யாப்பழத்தை நான்கு பேருக்குப் பங்கு போடச் சொன்னார். ஆளுக்கு மூன்று என்றேன்.

“மிச்சம் நாலு எங்க?” என்றார்.

“கழிவுங்க சார்” என்றேன். குட்டு விழுந்தது. ஏன் விழுந்தது என்று அன்று எனக்குப் புரியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு வியாழக்கிழமை அப்பு எங்கள் லயத்துக்கு வந்தார். அவர் சிங்களவர். எங்களோடு பேசும்போது இரண்டு பாசையும் கலந்து வரும், துரைசாணியை நோனா என்பார்.

“நோனாவுக்கு சமனலயா வேணும். கலர் எல்லாம் வேணாம். மண் மாதிரி இருக்கே, றெக்கையில கண் இருக்கே, அது. நோனா பாத்துப் பாத்துப் படம் போடுறது. இருபது வேணும். ஒண்ணு அஞ்சு சதம்.”

துரைசாணி சீமையிலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. தொப்பியும் வலையுமாகக் கான் ஓரத்தில் அவள் குந்தியிருப்பதை நானும் பார்த்திருக்கிறேன். வலையைத் தூக்கினாலே அந்தப் பூச்சி புல்லுக்குள் விழுந்து சருகாகிவிடும். எனக்கு வலை வேண்டாம். கொய்யா மரத்தடியில் அழுகின பழத்தை நசுக்கி, கொஞ்சம் சீனி தூவி வைத்தேன். அந்தி சாய்கிற நேரத்தில் அவை ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்து குடித்தன. நன்றாகக் குடித்த பிறகு கிறங்கிப் போய்ப் பறக்க மனமில்லாமல் கிடந்தன. இரண்டு விரலால் எடுத்துவிடலாம். கண்ணைத் தொடாமல் எடுத்தேன்.

வெள்ளி, சனி இரண்டு அந்தியில் இருபது சேர்ந்துவிட்டது. இறக்கை கிழிந்தவை நான்கு தனியாக இருந்தன. கண் இருந்த இடத்தில் யாரோ கடித்தெடுத்த மாதிரி பள்ளம். முத்தல் இலையைப் பொறுக்கி எறிவது போல அவற்றை விட்டுவிடப் போனேன். தம்பியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த அம்மா பார்த்துவிட்டாள்.

“ஏண்டி தூக்கிப் போடுற? அதையும் சேத்துக் கொண்டு போ. கழிவுக்கு வேணாமா?”

அதுதானே என்று எனக்குத் தோன்றியது. நல்ல வேளை அம்மா சொன்னாள், இல்லாவிட்டால் பதினாறுக்குத்தானே காசு கிடைக்கும்.

தகரப் பேணியில் போட்டுக் கொண்டுபோகலாம் என்று நினைத்திருந்தேன். அம்மா அவளுடைய கொழுந்துக் கூடையையே எடுத்து, பூச்சிகளை உள்ளே விட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டித் தந்தாள். சனிக்கிழமை அந்தியிலேயே கொடுத்துவிட்டு வருகிறேன், வைத்திருந்தால் செத்துப்போகும் என்று நச்சரித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் போகலாம், நானும் வருகிறேன் என்றாள். பங்களா நாய்க்கு நான் பயப்படுவேன் என்றுதான் கூட வருகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மேட்டில் ஏறும்போது கேட்டாள்.

“நாலு எதுக்குன்னு கேட்டா என்னா சொல்லுவ?”

“கூடைக்கு ரெண்டு, தண்ணிக்கு ரெண்டு.”

“ம். உள்ளதச் சொல்லு. பயப்படாத.”

பங்களா வாசலில் கண்டாக்கையா ஆட்களுக்குப் பேர் போடும் செக்றோல் புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தார். ஞாயிறு காலையில் துரையிடம் கையெழுத்து வாங்க வருவார். அம்மா ஒதுங்கி நின்றாள். துரைசாணி துணியை விலக்கி, முழங்கால் போட்டு உட்கார்ந்து, கொசுவலை போட்ட ஒரு பெட்டிக்குள் பூச்சிகளை மெதுவாக மாற்றினாள். எண்ணிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டுத் துரையிடம் இங்கிலீசில் என்னவோ சொன்னாள். துரை தமிழ் பேசுவார். மரியாதை, பன்மை எதுவும் இருக்காது, ஆனால் விளங்கும்.

“தொரைசாணி இருபது கேட்டது. நீ இருபத்திநாலு கொண்டாந்தது. நாலு எதுக்கு?”

“கூடைக்கு ரெண்டு, தண்ணிக்கு ரெண்டுங்க தொரை. கழிச்சுக்குவீங்கல்ல, அதுக்குங்க.”

துரை சிரித்தார். “பூச்சிக்கு ஏது தண்ணி?”

கண்டாக்கையா முந்திக்கொண்டார். “சின்னப்புள்ள சார், என்னமோ ஒளறுது. ஏய், போ போ.”

சில பேர் எடை கூடுவதற்காகக் கொழுந்தில் தண்ணீர் தெளிப்பார்கள், பிடிபட்டால் அன்றைக்குப் பேரே கிடையாது. நானும் பூச்சிமேல் தண்ணீர் தெளித்ததாகச் சந்தேகப்படுகிறார்கள் என்று நினைத்துவிட்டேன்.

“தண்ணி தெளிக்கலீங்க தொரை. சத்தியமா தெளிக்கல. நல்லா காஞ்சுதான் இருக்குதுங்க. வெயில் அடிக்கிற நாள்லயும் தண்ணிக்கு ரெண்டு கழிப்பாங்களே, அதனாலதான் சேத்துக் கொண்டாந்தேங்க.”

துரையின் சிரிப்பு நின்றுபோனது. அவர் என்னைப் பார்க்கவில்லை, கண்டாக்கையாவைப் பார்த்தார். இங்கிலீசில் கேட்டார். கண்டாக்கையா நீளமாகப் பதில் சொன்னார். நடுநடுவே ‘சார்’ வந்தது மட்டும் எனக்கு விளங்கியது. நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தம்பியின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

இது எதுவும் தெரியாத துரைசாணி கிழிந்த நான்கையும் கையில் ஏந்திக்கொண்டு சந்தோசமாகக் கூவினாள். துரை பாதிக் கவனத்தோடு எனக்குச் சொன்னார்.

“இது நாலும் ரொம்ப நல்லது. குருவி கண்ணுன்னு நெனச்சு றெக்கையக் கொத்துது. தலை தப்பிச்சுப் போகுது. தொரைசாணிக்கு இதுதான் வேணும். இதுக்கும் காசு.”

துரைசாணி ஒரு ரூபாய் நோட்டைத் தந்தாள். சில்லறை இல்லை, நாலுக்கு உள்ளதைப் பிறகு தருகிறேன் என்று கையால் காட்டினாள். துரை செக்றோலை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஆபீஸ் பக்கம் நடந்தார். கண்டாக்கையா பின்னாலேயே போனார்.

திரும்பும் வழியில் அம்மா முன்னால் விரைந்து நடந்தாள். பாலத்துக்கு வந்ததும் கட்டையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் அழ ஆரம்பித்துவிட்டேன். என்னால் அம்மாவுக்கு வேலை போய்விட்டது, இனி லயத்துக் காம்பராவைப் பூட்டிவிடுவார்கள், ரயிலேறிப் போய்விட வேண்டியதுதான் என்று மனது எங்கெங்கோ ஓடியது. அம்மா முகத்தைத் திருப்பினாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். பெரியவர்களுக்குத் துக்கம் முற்றினால் அப்படித்தான் வரும் போல என்று எண்ணி இன்னும் சத்தமாக அழுதேன்.

அப்பா வந்து நடந்ததைக் கேட்டுவிட்டுக் கருவாட்டைக் கீழே வைத்தார். “ஒம் மக கண்டாக்கையா வவுத்துலயே அடிச்சிட்டு வந்திருக்கா. வெயில் நாள்ல கழிச்சதெல்லாம் அவரு கணக்குலதான ஏறுச்சு.”

“எம் மக பூச்சி குடுக்கப் போனா. வேற என்னா செஞ்சா?” என்றாள் அம்மா.

திங்கட்கிழமை நல்ல வெயில். பிள்ளைக்காம்பராவிலிருந்து தம்பியைத் தூக்கிக்கொண்டு அந்தி நிறுவைக்குப் போய் நின்றேன். துரையின் மோட்டார் சைக்கிள் அங்கே நின்றது. அவர் தராசுக்குப் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அம்மாவின் கூடை ஏறியது.

“பதினெட்டே கால்” என்றார் கண்டாக்கையா. “கூடைக்கு ரெண்டு.”

அதற்குப் பிறகு அவர் வாய் தானாகத் திறந்தது. திறந்தபடியே கொஞ்சம் இருந்துவிட்டு மூடியது.

“பதினாறே கால். முழுப்பேரு.”

வரிசையில் நின்ற பெண்களில் யாரோ இருமினார்கள். இன்னொருத்தியும் இருமினாள். வரிசை முழுக்கத் திடீரென்று சளி பிடித்துக்கொண்டது.

கண்டாக்கையா சும்மா விடவில்லை. இரண்டு வாரம் அம்மாவுக்கு மலை உச்சியில் செங்குத்தான நிரைகளாகவே கொடுத்தார். அம்மா அங்கிருந்தும் பதினாறு கொண்டுவந்தாள். மழை நாளில் தண்ணிக்கு இரண்டு கழியும், அதை யாரும் தப்பு என்று சொல்லவில்லை. வெயில் நாளில் கழியாது. அந்த மாதம் அரைப்பேர் விழவில்லை, அடுத்த மாதமும் விழவில்லை. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும், நானும் அதோடு முடிந்தேன். அதற்குக் கண்டாக்கையா காரணமில்லை.

நான் உளறியதால் நல்லது நடந்துவிட்டது என்றுதான் வெகு காலம் நினைத்திருந்தேன். எனக்கு மகள் பிறந்து, நானும் நிரையில் நின்று, பெரியவர்களிடம் நேராகக் கேட்க முடியாத ஒரு விசயத்தை எப்படிக் கேட்பது என்று தவித்த ஒரு நாளில்தான் சட்டென்று உறைத்தது. பேணியை விட்டுவிட்டுக் கூடையை எடுத்தது யார், சனிக்கிழமை வேண்டாம் ஞாயிறு என்றது யார், மேட்டில் ஏறும்போது பாடம் கேட்டது யார். அம்மா கேட்டால் அது பிராது. பிள்ளை சொன்னால் பேச்சு. அம்மாவிடம் போய் நேராகவே கேட்டேன்.

“ஒனக்கு வேற வேல இல்லையா” என்று வெற்றிலையை மடித்தாள். சிரிப்பு மட்டும் பாலத்தில் பார்த்த அதே சிரிப்பு.

துரைசாணி படத்தையெல்லாம் போட்டு முடித்து, பூச்சிகளைக் கான் ஓரத்திலேயே திறந்துவிட்டாளாம், அப்பு சொன்னார். அடுத்த வருசம் துரையோடு சீமைக்குப் போய்விட்டாள். நல்ல பெண், மறந்திருப்பாள். இருபதுக்கு உள்ள ரூபாய் என் பங்கு, அது வந்துவிட்டது. கிழிந்த நாலும் அம்மா சேர்க்கச் சொன்னவை. ஒன்று ஐந்து சதம் வீதம், அம்மாவுக்கு வர வேண்டியது இன்னும் இருபது சதம்.