அப்பாவின் இரட்டைக் குழல்

அப்பா காலமானதும் அவருடைய பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி தம்பிக்குப் போனது. துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத எனக்குப் புத்தக அலமாரி. பொறாமையில் நான் இளைத்ததை டாக்டர் பாராட்டினார்.

விலை மதிப்பிட உடுமலைப்பேட்டையிலிருந்து கோவைக்கு அதைத் தம்பி கொண்டுவந்தபோது, ‘தேறாது’ என்ற சொல்லைக் கேட்கவே நானும் துப்பாக்கிக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் குழலடி முத்திரையைப் பார்த்தார். “இங்கிலீஷ் சரக்குங்க. ஆனா நல்ல வெல போகாதுங்க. தோள்ல வெக்கற கட்டைய எடதுகைக்காரருக்குத் தோதா வளைச்சுப்போட்டாங்க. ஊட்டுல ஆருங்க எடதுகை?”

“அண்ணன் மட்டுந்தானுங்க,” என்றான் தம்பி.

அப்பா இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். அதுவரை தினமும் சவரக் கண்ணாடியில் பார்த்து வந்தது அதைத்தான்.